ஆடு தின்னாத கொடியும் இரண்டு வண்ணத்திப்பூச்சிகளும்



மாரி மழை விட்ட பிறகு நல்லூர் வளவுகளில் கறுப்புச் செட்டையும் இரத்தச் சிவப்பு உடம்பும் கொண்ட பெரிய வண்ணத்திப்பூச்சி ஒன்றைக் கண்டிருப்பீர்கள். முன் செட்டையில் வெள்ளைப் பட்டி, பின் செட்டையில் சிவப்புப் பொட்டுகள், நுனியில் வால். இதை கிரிம்சன் ரோஸ் என்பார்கள்.

இதற்குத் தமக்கை போன்ற ஓர் இனம் உண்டு. பெயர் சிலோன் ரோஸ். உடம்பு அதேபோலச் சிவப்புத்தான். பின் செட்டையில் வெள்ளை பெரிதாகப் படர்ந்திருக்கும். உலகில் வேறெங்கும் இல்லாமல், இலங்கையின் தென்மேற்கு மழைக்காடுகளில் மட்டுமே வாழ்கிறது. அக்காடுகளில் பெரும்பகுதி தேயிலைக்கும் இறப்பருக்குமாக அழிந்துபோக, மிஞ்சியவற்றுள் பெரியது சிங்கராஜா. 1988 இல் அது உலக மரபுரிமை இடமாகியது. எங்கள் வண்ணத்தியோ வெயிலையும் வரட்சியையும் தாங்கும், கூட்டமாகக் கடல் கடந்தும் பறக்கும். மற்றதற்குக் காடு போனால் போக்கிடம் இல்லை.

ஆனால் எங்கும் பறக்கக்கூடியதும் கண்ட இடத்தில் முட்டை இடாது. அதன் புழு தின்பது ஆடுதீண்டாப்பாளையையும் அதன் இனக் கொடிகளையும் மட்டுமே. செடியின் நஞ்சு புழுவில் சேர்ந்து வண்ணத்தியிலும் தங்குவதால் குருவிகள் கிட்ட வருவதில்லை. (தேசியிலும் கறிவேப்பிலையிலும் நீங்கள் நசுக்கும் புழு வேறு இனம்.)

1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து, நல்லூரில் வாடகைக்கு இருந்த ஓர் அம்மா, மீளக் கிடைத்த காணியில் பற்றை வெட்டிக்கொண்டிருந்தார். இந்தக் கொடியை விட்டுவிடச் சொன்னேன்.

"ஆடும் தின்னாததை வச்சு என்ன செய்யிறது, பிள்ளை? அரைச்சுக் குடிக்கிறதே?" என்று கேட்டார்.

குடிக்கவே கூடாது. பாம்புக்கடிக்கென்று இதை அரைத்துக் கொடுக்கும் வழக்கம் எங்கள் ஊர்களில் உண்டு. இதிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் மெலிவதற்காக இவ்வினச் செடி கலந்த குளிசைகளை விழுங்கிய பெண்கள் பலர் சிறுநீரகத்தை இழந்தார்கள். பாம்பு கடித்தால் நேரே வைத்தியசாலைக்குத்தான்.

அம்மா யோசித்துவிட்டு, கிணற்றடி வேலியோரம் ஒரு பாகம் அளவுக்கு விட்டு வைத்தார். இரண்டு மாதம் கழித்துப் போனபோது கொடியில் இலை பாதிதான் மிச்சம். கருஞ்சிவப்பில் சதைமுள்ளோடு ஐந்து புழுக்கள் தொங்கின.

"தின்னட்டும், அதுகளுக்கும் இதுதானே காணி" என்றார்.