காசு கொடுத்தால் கேள்வி கேட்கலாமா?

'காசு கட்டுகிற இடத்தில்தான் கேள்வி கேட்க முடியும். அரசுப் பள்ளியில் யாரைப் பிடித்துக் கேட்பது?' என்கிறார் நண்பர். கேட்டுப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். மகளை எல்.கே.ஜி.யில் சேர்த்த தனியார் பள்ளி கொடுத்த ரசீதில் 'இதர கட்டணம்' என்று ஒரு வரி இருந்தது. அது என்ன என்று விசாரித்தேன். கவுண்டரில் இருந்தவர் தலை நிமிராமலே, "இஷ்டம் இல்லன்னா டி.சி. வாங்கிக்குங்க சார்" என்றார். கேள்வி அதோடு முடிந்தது. கட்டணத்தை முறைப்படுத்த 2009-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. அந்தக் கவுண்டருக்குத்தான் இன்னும் வந்து சேரவில்லை.

அதே 2009-இல் வந்த கல்வி உரிமைச் சட்டம், அரசுப் பள்ளிகளுக்கு மேலாண்மைக் குழு வேண்டும் என்கிறது. அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அரசு உதவி பெறாத தனியார் பள்ளிக்கு இந்தக் கட்டாயம் கிடையாது. இப்போது மகள் படிக்கும் அரசுப் பள்ளியில், சித்தாள் வேலைக்குப் போகும் ஓர் அம்மா, கழிப்பறைக் குழாய் உடைந்ததைத் தலைமையாசிரியர் கையாலேயே தீர்மான நோட்டில் எழுதவைத்ததைப் பார்த்தேன்.

குழாய் மாற ஒன்றரை மாதம் ஆனது, மறுக்கவில்லை. ஆசிரியர் பற்றாக்குறையும் உண்மை. அதைச் சொல்லி நண்பர் வாதாடியிருந்தால் நான் பேனாவையே எடுத்திருக்க மாட்டேன். கேள்வி கேட்கும் உரிமையைப் பற்றி அல்லவா பேசினார்!