நட்டக் கணக்கும் நாட்டுக் கணக்கும்

"தபால் இலாகா நட்டத்தில் நடக்கிறது" என்று கைபிசைகிறார்கள் கணக்குப் புலிகள். கைப்பேசி வந்துவிட்டதே, கடிதம் எதற்கு, காக்கிச் சட்டைக்காரர் எதற்கு என்றும் கேட்கிறார்கள்.

கேட்கட்டும்! நாமும் ஒன்று கேட்போம். தெருவிளக்கு எத்தனை ரூபாய் இலாபம் ஈட்டியது என்று எவரேனும் கேட்டதுண்டா?

1854-ல் இந்தத் துணைக்கண்டத்தில் ஒரு விதி வந்தது. கால்தோலாக் கடிதம் எத்தனை தொலைவு சென்றாலும் கட்டணம் அரையணாதான். வெள்ளையன் தன் ஆட்சி வசதிக்குச் செய்த ஏற்பாடுதான். ஆயினும், அதற்குள்ளே சமத்துவம் இருந்தது! மாளிகைக்காரர் ஒட்டுவதும் அதே தலை. மண்குடிசைக்காரர் ஒட்டுவதும் அதே தலை!

1947-ல் இருந்த தபால் நிலையங்கள் 23,344. இன்றோ ஒன்றரை இலட்சத்துக்கும் மேல். பத்துக்கு ஒன்பது சிற்றூர்களில். இலாபம் தேடியா திறந்தார்கள்? மலையடிவார ஊரும் நாட்டின் உறுப்பு என்பதால் திறந்தார்கள்.

முதியோர் உதவிப்பணம் மணியார்டரில் வந்த நாட்களில், மூதாட்டியின் கையில் அதை எண்ணித் தந்தவர் யார்? எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கு, பட்டாளத்திலிருக்கும் மகனின் கடிதத்தைப் படித்துக் காட்டியவர் யார்? தபால்காரர்! இன்று கைரேகை பெற்று, வங்கிப் பணத்தை வாசலிலேயே தருபவரும் அவர்தான்.

அவருக்கு நாடு தந்த மரியாதை என்ன? கிராம அஞ்சல் ஊழியர் உழைப்பது அரசுக்கு. ஆனால், மற்ற அரசு ஊழியருக்குள்ள தகுதி அவருக்கு இல்லை! 2019 ஜூலையில் தபால்துறைத் தேர்வை இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே நடத்தினார்கள். தமிழகம் கொதித்தது, மாநிலங்களவை அதிர்ந்தது, தேர்வு ரத்தாயிற்று. ஊராரின் மொழி அறியாத தபால்காரர் ஊமைத் தூதர் அல்லவா?

1898-ஆம் ஆண்டுச் சட்டம், கடிதம் சுமக்கும் தனியுரிமையை அரசுக்கு அளித்திருந்தது. அதற்குப் பதிலாக 2023-ல் வந்த சட்டத்தில் அந்த உரிமை இல்லை. நகரத்துக் கொழுத்த வியாபாரத்தைத் தனியார் கூரியர்கள் கொத்திக்கொள்ளலாம். ஆதாயமில்லாத மலைப்பாதையில் யார் ஏறுவது? அரசுத் தபால்காரர்தான்! இலாபத்தை அங்கே விட்டு, சுமையை இங்கே ஏற்றி, பிறகு "நட்டம், நட்டம்" என்று அலறுவது எந்த ஊர் நியாயம்?

கணக்குப் பாருங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால், கடைக்கோடி வீட்டுக் கதவை அரசு நாள்தோறும் தட்டுகிறதே, அதையும் ஏட்டில் எழுதுங்கள். இலாகாவின் ஏட்டில் அது செலவு. நாட்டின் ஏட்டில் அது வரவு!