அடுப்படிக்கு வரும் யுத்தம்



"எங்கேயோ சண்டை நடந்தால் இங்கே மா விலை ஏன் ஏற வேண்டும்?" என்று ஒரு ராத்தா கேட்டார். திருகோணமலை மாவட்டத்தில் வாழும் நமக்கு இதன் விடை புதிதல்ல.

1990களில் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளுக்கு மண்ணெண்ணெய், உரம், சீமெந்து, பற்றரி முதலியவற்றைக் கொண்டுசெல்ல அரசாங்கம் தடை விதித்தது. ஆயுதம் ஏந்தியவர்களுக்குப் போய்ச் சேரக் கூடாது என்பதே நோக்கம். ஆனால் இருட்டில் இருந்தவை குப்பி விளக்கை நம்பிய வீடுகள். 2006 ஜூலையில் புலிகள் மாவிலாற்று மதகை மூடினார்கள். தண்ணீரின்றி வாடியது விவசாயியின் வயல். அடுத்த மாதம் சண்டை மூதூருக்குள் வந்தது. பல்லாயிரம் முஸ்லிம்கள் கந்தளாய்க்கு இடம்பெயர்ந்தார்கள். வழியை அடைத்தவர் யாராயினும், அதன் பாரம் அடுப்படியில்தான் இறங்கியது.

உலகச் சந்தையிலும் இதே கதைதான். நம் நாட்டுக்கு வேண்டிய கோதுமை கப்பலில்தான் வருகிறது. சீனக்குடாவில் பிரிமா ஆலை அதை மாவாக்குகிறது. 2022 பெப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தது. உலகக் கோதுமை ஏற்றுமதியில் கால் பங்குக்கு மேல் இவ்விரு நாடுகளுடையது. உக்ரைனின் கருங்கடல் துறைமுகங்கள் அடைபட்டதும், அங்கே வாங்கியவர்கள் மற்ற நாடுகளிடம் ஓடினார்கள். அதனால் எல்லோருக்கும் விலை ஏறியது. அதே ஆண்டு நமது ரூபாயும் சரிந்ததால் சுமை இரட்டிப்பாயிற்று.

பொருளாதாரத் தடை, பணம் போகும் வழியையும் அடைத்துவிடும். ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்கு, அமெரிக்கத் தடை காரணமாக இலங்கையால் பணம் செலுத்த முடியவில்லை. 25 கோடி டொலருக்கு மேற்பட்ட அக்கடனைத் தேயிலையாகக் கொடுத்துத் தீர்க்க 2021 டிசம்பரில் உடன்பாடு செய்தார்கள். கருவாட்டைக் கொடுத்து நெல் வாங்கிய நம் மூத்தம்மாமாரின் காலம் போல!

கடலில் போகும் கப்பலைத் திருப்ப நம்மால் முடியாது. ஆனால் விலை ஏறப் போகிறது என்று கேள்விப்பட்டதும் மூட்டை மூட்டையாக வாங்கி அடுக்குகிறோமே, அது அடுத்த வீட்டுப் பிள்ளையின் ரொட்டி அல்லவா? கடைக்காரர் பதுக்கினால் பாவம் என்கிறோம். நாம் பதுக்கினால் அதற்குப் பெயர் சிக்கனமா?

தேவைக்கு மட்டும் வாங்குவோம். இரண்டு நாளைக்கு அரிசிமாப் பிட்டு அவிப்போம். மிஞ்சும் ஒரு கிலோ மா, அன்றாடம் கூலிக்குப் போகும் வீட்டின் அடுப்பையும் எரிய வைக்கட்டும்.