கடிதத்தில் ஒரு வரி

கச்சத்தீவுப் பேச்சு எழும்போதெல்லாம் எங்கள் குமரி மாவட்டத்தையும் யாராவது இழுத்துவிடுவார்கள். "அதைக் கொடுத்துத்தானே வாட்ஜ் பேங்கை வாங்கினோம்!" 285 ஏக்கர் தீவு இலங்கைக்குப் போய், குமரிமுனைக்குத் தெற்கே வாட்ஜ் பேங்க் என்ற பல ஆயிரம் சதுர கிலோமீட்டர் கடலடி மேடு வந்ததாம். ராமேஸ்வரத்துக்காரர் கேட்டால் வயிறு எரியத்தான் செய்யும்.

கச்சத்தீவு ஒப்பந்தம் 1974 ஜூனில் முடிந்தது. அதில் வாட்ஜ் பேங்க் பெயரே கிடையாது. மன்னார் வளைகுடாவில் எல்லைக் கோடு போட்டு, அந்த மேட்டை இந்தியப் பக்கம் விட்ட ஒப்பந்தம் 1976 மார்ச் 23-இல் வந்தது. அப்போது நாட்டில் நெருக்கடி நிலை. ஜனவரி 31-இலேயே கருணாநிதி ஆட்சியைக் கலைத்துவிட்டதால், சென்னையில் கேள்வி கேட்கச் சட்டமன்றமும் இல்லை. குளச்சல்காரனையா கேட்டிருக்கப் போகிறார்கள்?

அன்றைக்கு இந்திய வெளியுறவுச் செயலர் கேவல் சிங்கும் இலங்கையின் ஜெயசிங்கவும் மாற்றிக்கொண்ட கடிதத்தைப் படிக்க வேண்டும். வாட்ஜ் பேங்கில் இலங்கையின் இழுவைக் கப்பல்கள் பல காலமாக மீன்பிடித்து வந்தன. அவற்றில் ஆறுக்கு மட்டும் மூன்றாண்டு அனுமதி, வருடத்துக்கு 2,000 டன்னுக்கு மிகாமல். அது முடிந்தபின் இலங்கை கேட்டால், ஐந்து வருடம் அதே அளவு மீனை இந்தியா விலைக்குத் தரும். கொழும்புக்காரர் சட்டியில் மீன் குறையக்கூடாது என்று எவ்வளவு அக்கறை! இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த எனக்கு அதில் வருத்தமில்லை. இடறுவது வேறொரு வரி: அந்த மூன்றாண்டுக்குள் இந்தியா அங்கே பெட்ரோலியம் தேட முடிவு செய்தால், அந்தப் பகுதியில் இலங்கைக் கப்பல்கள் மீன்பிடிப்பை நிறுத்திவிட வேண்டும்.

ஆக, எண்ணெய் 1976-லேயே கணக்கில் இருந்திருக்கிறது. சின்னமுட்டத்து விசைப்படகுகள் கணவாயும் களவாயும் விளமீனும் அள்ளிவரும் மேடு இந்த வாட்ஜ் பேங்க். இப்போது குமரிக்குத் தெற்கே ஆழ்கடலில் எண்ணெய், எரிவாயு தேட ஏலம் விட்டிருக்கிறார்கள். கடற்கரை ஊர்களில் போராட்டம் நடக்கிறது. இலங்கைக் கப்பல் விலக வேண்டும் என்று எழுதத் தெரிந்தவர்களுக்கு, நம் படகு எங்கே போகும் என்று ஒரு வரி எழுதத் தோன்றவில்லை.

இன்னும் தள்ளிப் போய்ப் பிடிக்கலாமே என்று யாராவது அதிகாரி சொல்லக்கூடும். போகாமல் என்ன? தூத்தூர், வள்ளவிளைக்காரர்கள் சுறா தேடி என்றைக்கோ போய்விட்டார்கள். மாலத்தீவையும் தாண்டி, டீகோ கார்சியா பக்கம் பிரிட்டிஷ்காரர்களிடம் பிடிபட்டு, அபராதம் கட்டித் திரும்பிய படகுகள் உண்டு.