குருசுக்குப்பமும் புதுச்சேரிதான்

மாலை நடைக்குக் கடற்கரைச் சாலைக்கு வருகிறவர்கள் காந்தி சிலையருகே தொடங்கி வடக்கே நடப்பார்கள். தலைமைச் செயலகத்தைத் தாண்டி, பழைய சாராய ஆலைப் பக்கம் வந்ததும் பெரும்பாலோர் திரும்பிவிடுவார்கள். அத்துடன் ஊர் முடிந்தது என்று நினைப்பு. ஆனால் அங்கிருந்து கூப்பிடு தூரத்தில்தான் குருசுக்குப்பம் இருக்கிறது. அதை ஒட்டி வைத்திக்குப்பம், இன்னும் வடக்கே சோலை நகர். கருங்கல் பாறைகள் அங்கும் கடலோரம் குவிந்து கிடக்கின்றன. சாலையில் நிற்பவருக்கு அந்தப் பாறைகள் உட்கார்ந்து காற்று வாங்கும் இடம். குப்பத்து மீனவருக்கோ, படகை ஏற்றி வைக்கவும் வலையை விரித்துக் காயவைக்கவும் இருந்த மணல் போய், அதற்குப் பதிலாக வந்த கல்.

குருசு என்பது சிலுவைக்குத் தமிழில் வழங்கிய பழைய சொல், போர்த்துகீசியத்திலிருந்து வந்தது. குப்பம் என்பது நம் கரையோரச் சொல். இரண்டும் சேர்ந்து ஒரு பேட்டையின் பெயராக நிற்பது, எந்தெந்தக் கரையிலிருந்து யார் வந்தாலும் இடம் கொடுத்த இந்த ஊரின் சுபாவத்துக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. அந்த ஊர் தன் வடகோடியிலுள்ள குப்பத்தைத் தன்னுடையதாக நினைக்கிறதா என்பதே இன்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

மணல் எப்படிப் போயிற்று என்பதில் ரகசியம் ஏதும் இல்லை. சோழமண்டலக் கரை மீனவர்கள் தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்தைத் தெண்டி என்பார்கள். வடக்கிலிருந்து தெற்கே இழுப்பது வன்னி. வடகிழக்குப் பருவமழைக் காலம் நீங்கலாக ஆண்டின் பெரும்பகுதி தெண்டியின் கைதான் ஓங்கியிருக்கும். அது சும்மா ஓடுவதில்லை; அலையோடு சேர்ந்து ஆண்டுக்குப் பல லட்சம் கன மீட்டர் மணலைக் கரையோரமாகவே வடக்கே நகர்த்திக்கொண்டு போகும். கரை என்பது உண்மையில் ஓடிக்கொண்டே இருக்கும் ஓர் ஆறு, நீருக்குப் பதில் மணல் ஓடும் ஆறு. 1980-களின் பிற்பாதியில் அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் இரண்டு கல்சுவர்கள் எழுப்பப்பட்டன. 1989 வாக்கில் பணி முடிந்தது. தெற்கிலிருந்து வந்த மணல் தெற்குச் சுவரில் முட்டி அங்கேயே தேங்கியது. வடக்கே இருந்த மணலைக் கடல் எடுத்துக்கொண்டே போயிற்று, ஈடாகப் புதிய மணல் வரவில்லை. தேங்கிய மணலை வாரி வடக்கே சேர்க்கும் ஏற்பாடும் துறைமுகத் திட்டத்தில் இருந்தது. சுவர்கள் முழுமையாக வந்தன. அந்த ஏற்பாடு மட்டும் தொடர்ந்து நடக்கவில்லை.

அரிக்கமேடு இருப்பதும் இதே ஆற்றின் கரையில்தான். 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, ரோமானிய நாட்டோடு வணிகம் செய்த துறை இங்கே இருந்ததற்குச் சான்றுகள் கிடைத்தன. இரண்டாயிரம் ஆண்டுகளாக மனிதர்கள் இந்த முகத்துவாரத்தை நம்பிப் பிழைத்திருக்கிறார்கள். ஆகவே துறைமுகம் கேட்டது தவறு என்று சொல்ல வரவில்லை. அதனால் வாழ்கிற மீனவக் குடும்பங்களும் இந்த ஊர்க் குடும்பங்களே. ஒரு கரைக்கு வசதி செய்யும்போது பக்கத்துக் கரையின் கணக்கையும் சேர்த்துப் போட்டிருக்க வேண்டும், அது நடக்கவில்லை. தேங்கிய மணல் தெற்கே இருப்பவர்களுக்கும் நன்மை செய்துவிடவில்லை. முகத்துவாரம் தூர்ந்துபோய்ப் படகுகள் தட்டுவதும், தூர்வாரக் கேட்டு மீனவர்கள் போராடுவதும் நமக்குப் பழகிப்போன செய்திகள்.

கடல் நகரத்தை நெருங்கியதும் கடற்கரைச் சாலையைக் காக்கப் பாறைகளைக் கொட்டினோம். அதைக் குறை சொல்பவர்கள் 2004 டிசம்பர் 26-ஐ மறந்துவிடக் கூடாது. ஆழிப்பேரலை வந்த அந்தக் காலையில் நகரின் பழைய பகுதியைப் பெரிதும் காப்பாற்றியது கடல்சுவரும் பாறைகளும்தான். ஆனால் பாறைக்கு ஒரு குணம் உண்டு. தன் பின்னால் இருப்பதை அது காக்கும். அடுத்த கரையை அரிப்பிலிருந்து காக்காது. சாலைக்கு முன்னால் கல் போட்டதும் அரிப்பு குருசுக்குப்பத்துக்குப் போயிற்று. அங்கே கல் போட்டதும் சோலை நகருக்கு. அதற்கு வடக்கே தமிழ்நாட்டு எல்லை. சின்னமுதலியார்சாவடி, தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் என்று விழுப்புரம் மாவட்டத்துக் கிராமங்கள் ஒவ்வொன்றாக வீடுகளையும் தென்னைகளையும் கடலுக்குக் கொடுத்தன. கல்லுக்கு எல்லை தெரியாது, மணலுக்கும் தெரியாது. கோப்புகளுக்கு மட்டும்தான் தெரிகிறது. புதுச்சேரி ஒரு திட்டம் போடும், தமிழ்நாடு ஒரு தூண்டில் வளைவு கட்டும், இரண்டுக்கும் நடுவில் உள்ள கிராமம் போகும்.

தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் எஃகுத் திட்டு ஒன்றை அமைத்தது. அதன் பிறகு 2018, 2019 வாக்கில் காந்தி சிலைப் பக்கம் மணல் திரும்பி வந்தது. முப்பது ஆண்டுகளாகப் பாறையை மட்டுமே பார்த்த ஊரில் குழந்தைகள் மீண்டும் மணலில் கால் வைத்தார்கள். அந்த மகிழ்ச்சி உண்மையானது. மனம் வைத்தால் முடியும் என்பதற்கு அது கண்முன் நிற்கும் சாட்சி. அதே மனம் குருசுக்குப்பத்துக்கும் வேண்டும். சுற்றுலாப் பயணி படம் எடுக்கும் இடத்துக்கு மணல், மீனவர் படகு ஏற்றும் இடத்துக்குக் கல் என்று இந்த ஊரை நிரந்தரமாகப் பிரித்துவிடக் கூடாது.

பிரிவினை இந்த ஊருக்குப் புதிதல்ல என்பதால்தான் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1674-இல் பிரான்சுவா மர்த்தேன் இங்கே பிரெஞ்சுக் கம்பெனியைக் காலூன்றச் செய்தார். 1693-இல் ஊரைப் பிடித்த டச்சுக்காரர்கள் நேர்நேரான தெருக்களுக்கு வரைபடம் போட்டார்கள். ஆறு ஆண்டுகளில் ஊர் பிரெஞ்சுக்காரரிடம் திரும்பியது, வரைபடம் தங்கியது. பிறகு பெரிய வாய்க்கால் நடுவே ஓட, கடல் பக்கம் வெள்ளையர் நகரம், மேற்கே கறுப்பர் நகரம் என்று பெயர் வைத்தார்கள். 1761 ஜனவரியில் ஆங்கிலேயரிடம் சரணடைந்த பின் கோட்டையும் மாளிகைகளும் தரைமட்டமாயின. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு அந்தக் காலத்தின் பேச்சையும் பேரத்தையும் பயத்தையும் இன்றும் நமக்குச் சொல்கிறது. அவர் மறைந்ததும் அதே ஜனவரியில்தான். 1765-இல் திரும்பக் கிடைத்த ஊரைப் பழைய தெருக் கோடுகளின் மேலேயே கட்டி எழுப்பினார்கள். மதில் நின்ற வழியில் பின்னாளில் புல்வார்கள் எனப்படும் அகன்ற சாலைகள் வந்தன. அந்த முட்டை வடிவச் சுற்றுக்கு உள்ளே இருப்பது பட்டணம். வடக்குப் புல்வாரான இன்றைய சர்தார் பட்டேல் சாலைக்கு வெளியே கிடந்த குருசுக்குப்பமும் வைத்திக்குப்பமும் முத்தியால்பேட்டையும் பட்டணத்துக்கு மீனும் துணியும் உழைப்பும் கொடுத்தன. வெறும் கோடுதான் அது. ஆனால் எங்கே முதலில் விளக்கு எரியும், எங்கே முதலில் சாக்கடை அள்ளப்படும், எங்கே முதலில் கரை காக்கப்படும் என்பதை வெகுகாலம் அதுவே தீர்மானித்திருக்கிறது.

அந்தக் கோட்டை ஏற்காமல் எதிர்த்து நின்றவர்களும் இதே ஊரார்தான், அதுதான் புதுச்சேரியின் பெருமை. 1873-இல் காலணி அணிந்து நீதிமன்றத்துக்குப் போன வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளையை அதற்காகவே தண்டித்தார்கள். அவர் பாரீஸ் மேல்நீதிமன்றம் வரை போய் வென்று வந்தார். 1936 ஜூலை 30 அன்று எட்டு மணி நேர வேலை கேட்ட ஆலைத் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து 12 பேர் மாண்டார்கள். வ. சுப்பையா நடத்திய அந்தப் போராட்டத்தின் பலனாக மறு ஆண்டே எட்டு மணி நேரம் சட்டமாயிற்று. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் வாக்களித்து ஊரின் தலைவிதியை மாற்றிய நாள் அது. அந்த 178 பேரில் நகராட்சி, கொம்யூன் உறுப்பினர்கள்தான் மிகுதி.

அந்த நகராட்சி இன்று என்ன நிலையில் இருக்கிறது? 1880 மார்ச் 12 ஆணையின் வழியாகப் பிரெஞ்சிந்தியாவில் கொம்யூன்களும் அவற்றுக்குத் தேர்தலும் வந்தன. குடியேற்ற ஆட்சியிலேயே, குறைகள் பல இருந்தாலும், தெருவுக்கு ஒரு பிரதிநிதி இருந்தார். விடுதலைக்குப் பின் 1968-இல் ஒரு தேர்தல் நடந்தது. அடுத்தது 38 ஆண்டுகள் கழித்து 2006-இல். 2011-இல் அதில் தேர்வானவர்களின் காலம் முடிந்தது. 2021-இல் அறிவித்த தேர்தலும் இடஒதுக்கீட்டு வழக்கில் நின்றுபோயிற்று. சட்டமன்ற உறுப்பினர் இருக்கிறாரே என்பார்கள். தெருவிளக்கும் வாய்க்கால் அடைப்பும் அவர் வாசலில் போய் நிற்பது அவருக்கும் நல்லதில்லை, தெருவுக்கும் நல்லதில்லை. கரை அரிப்பு பற்றிப் பேசும் அறையில் குருசுக்குப்பத்தின் வாக்கு பெற்ற ஒருவருக்கு நாற்காலி இருந்திருந்தால், மணல் வாரும் ஏற்பாடு முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கோப்பில் தூங்கியிருக்காது என்றே நாம் நம்புகிறோம்.

நகராட்சி வீற்றிருந்த மேரி கட்டடத்தின் கதையும் இதையேதான் சொல்கிறது. 1870-களின் தொடக்கத்தில் கட்டியது, 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. சிதைகிறது என்று பல ஆண்டுகளாக எல்லாருக்கும் தெரியும். விழுந்தபின் உலக வங்கிக் கடனுதவியோடு அச்சு மாறாமல் கட்டி, 2021-இல் திறந்தார்கள். காத்திருந்து விழவிட்டு மறுபடி கட்டுவதைவிட, விழாமல் காப்பதற்குச் செலவு குறைவு. இதற்கு இந்த ஊரிலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. வைசியாள் வீதியில் ஐரோப்பிய உதவியும் அரசும் இன்டாக் அமைப்பும் வீட்டுக்காரர்களும் சேர்ந்து திண்ணையும் தாழ்வாரமும் உள்ள பழைய தமிழ் வீடுகளின் முகப்புகளைச் சீர்செய்தார்கள். வீட்டுக்காரர்களும் தங்கள் பங்குக்குப் பணம் போட்டார்கள். 2008-இல் யுனெஸ்கோ விருது அந்தத் தெருவைத் தேடி வந்தது. தெரு முழுவதும் ஒரு மனதாக நின்றதால் வந்த விருது அது.

பொது நன்மைக்குத் தன் வயிற்றைக் கட்டுவது எப்படி என்பதைக் கரையில் இருப்பவர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. நிவாரணத் தொகை போதாது, கடன் ஏறும், ஆனாலும் நிறுத்துகிறார்கள். நாளைய கடலுக்காக இரண்டு மாத வருமானத்தை விடும் மக்களிடம் நகரம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

நகரம் தன் பங்குக்கு என்ன செய்கிறது? 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் ஒரே நாளில் 40 செ.மீட்டருக்கு மேல் மழையைக் கொட்டியபோது நகர்கள் பல மிதந்தன. அவ்வளவு மழைக்கு எந்த ஊரும் திணறும், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் பெரிய வாய்க்காலிலும் உப்பாற்றிலும் நாம் எறிந்த பைகளும் புட்டிகளும் கட்டட இடிபாடும் இல்லாதிருந்தால் தண்ணீர் இன்னும் சில மணி நேரம் முன்னதாகவே வடிந்திருக்கும். அந்தக் குப்பையின் கடைசிச் சேருமிடமும் கடல்தான். மறுநாள் அது மீனவர் வலையில் ஏறுகிறது. விடுதி நடத்துகிறவர், கடை வைத்திருப்பவர், வார இறுதியில் வந்து போகிறவர், வீட்டு வாசலைக் கூட்டி வாய்க்காலில் தள்ளுகிற நாம், ஒருவரும் இதில் விலக்கு இல்லை. குப்பத்து வீட்டுக் குப்பையும் பாறை இடுக்கில் விழுகிறது என்பதைக் கிராமப் பஞ்சாயத்தாரே வருத்தத்தோடு ஒப்புக்கொள்வார்கள்.

எனவே நம் வேண்டுகோள் இது. புதுச்சேரியும் தமிழ்நாடும் முகத்துவாரத்திலிருந்து வடக்கேயுள்ள கடைசிக் கிராமம் வரை ஒரே கரையாக எண்ணி ஒரே திட்டத்தில் உட்கார வேண்டும். தெற்கே தேங்கும் மணலை ஆண்டுதோறும் வாரி வடக்கே சேர்ப்பது அந்தத் திட்டத்தின் முதல் வேலையாக இருக்க வேண்டும். யார் ஆட்சிக்கு வந்தாலும் அந்தச் செலவு வரவுசெலவுத் திட்டத்தில் நிற்க வேண்டும். எந்தக் கட்சிக்கும் இதில் தோல்வி இல்லை. சுவர் எழுப்பிய காலத்திலிருந்து பல கட்சிகளும் ஆண்டுவிட்டன, ஆகவே யார்மேலும் பழி போட்டு நாளைக் கடத்த வேண்டாம். கரையில் எந்தக் கல் விழுவதானாலும் அந்தக் குப்பத்தின் பஞ்சாயத்தாரைக் கேட்டபின் விழட்டும். நீரோட்டம் எந்தப் பக்கம் திரும்பும் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு எந்தக் காகிதத்துக்கும் தெரியாது.

மாசிமகத்தன்று புதுச்சேரியின் எல்லை அழிந்துபோகும். மயிலம் முருகனும் திண்டிவனம் பெருமாளும் தீவனூர்ப் பிள்ளையாரும் தமிழ்நாட்டிலிருந்து சாலைவழி வந்து, உள்ளூர்ச் சாமிகளோடு வைத்திக்குப்பம் கடற்கரையில் தீர்த்தவாரிக்கு நிற்பார்கள். வெள்ளை நகரத்தாரும் பேட்டைக்காரரும் குப்பத்தாரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்பார்கள். அத்தனை சாமிகளும் அத்தனை பேரும் நிற்க அங்கே மணல் வேண்டும். அந்த மணலைக் காப்பதில் அரசுக்கு எவ்வளவு பொறுப்போ, கும்பிட வருகிற நமக்கும் அவ்வளவு பொறுப்பு.

நகராட்சித் தேர்தலை இனியும் தள்ளிப்போடக் கூடாது. கடைசித் தேர்தல் நடந்த 2006-இல் குருசுக்குப்பத்தில் பிறந்த குழந்தைக்கு 2024-இல் பதினெட்டு வயது ஆயிற்று. தன் தெருவுக்கு ஒரு பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்க அதற்கு இதுவரை ஒரு முறைகூட வாக்குச்சீட்டு தரப்படவில்லை.