எண்ணிக்கை என்னும் துலாக்கோல்

ஓர் அறிஞரின் தகுதியை எங்ஙனம் அளப்பது? அவர் கண்டறிந்த உண்மையைக் கொண்டா? அவர் எழுத்தைப் பிறர் எத்துணை முறை எடுத்தாண்டனர் என்னும் கணக்கைக் கொண்டா? இன்றைய பல்கலைக்கழகங்கள் பலவும் இரண்டாவதையே கைக்கொண்டு வருகின்றன. நரம்பியல் ஆய்வாளர் ஒருவர் பதவி உயர்வு வேண்டி நின்றால், மூளையைப் பற்றி அவர் கண்டது யாது என்னும் வினாவுக்கு முன்பே, கட்டுரைகள் எத்தனை, மேற்கோள்கள் எத்தனை என்னும் வினாக்கள் முந்திக்கொள்கின்றன. அறிவுலகம் தனக்குத் தானே தேடிக்கொண்ட இழுக்கு இது.

இக்கணக்கு தீய நோக்கத்துடன் தோன்றியதன்று. அமெரிக்கரான யூஜின் கார்ஃபீல்டு 1964-இல் அறிவியல் மேற்கோள் அட்டவணையை வெளியிட்டபோது, ஒரு கருத்து எக்கட்டுரையில் தொடங்கி எக்கட்டுரைகளுக்குச் சென்றது என்பதைத் தேடிக் காண உதவுவதே அதன் பணியாயிருந்தது. 2005-இல் ஹிர்ஷ் என்னும் இயற்பியலாளர், ஆய்வாளர் ஒருவரின் வாழ்நாள் உழைப்பை ஒரே எண்ணில் அடக்க வழி கூறினார். ஒருவருடைய கட்டுரைகளுள் இருபது, ஒவ்வொன்றும் இருபது முறையேனும் எடுத்தாளப்பட்டிருப்பின், அவருக்குரிய எண் இருபது. வழிகாட்டும் பலகையாகப் பிறந்தது, நாளடைவில் நீதிபதியின் இருக்கையில் ஏறி அமர்ந்துவிட்டது.

இம்முறையை ஆதரிப்போர், எண்ணைக் கைவிட்டால் சலுகையும் பரிந்துரையும் தலைதூக்கும் என்பர்; எண்ணுக்கு உறவினர் இல்லை என்பர். அது மெய்யே. ஆயின், எண்ணுக்குக் கண்ணும் இல்லை. போற்றி எடுத்தாண்டாலும் மறுத்து எடுத்தாண்டாலும் அதற்கு இரண்டும் ஒன்றே. ஒருவர் தம் பழைய கட்டுரையைத் தாமே எடுத்தாண்டாலும் கணக்கு ஏறும்.

இக்குருட்டுத்தன்மை எத்தகைய கேட்டை விளைக்கும் என்பதற்குச் சான்று தொலைவில் இல்லை. 2006-இல் 'நேச்சர்' இதழில், அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அல்சைமர் நோயைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டனர். மூளையில் திரளும் ஒருவகைப் புரதத்தை இளம் எலிகளுக்குச் செலுத்தியபோது அவற்றின் நினைவாற்றல் குன்றியது என்பது அதன் செய்தி. அக்கட்டுரை 2,000 முறைக்கும் மேலாக எடுத்தாளப்பட்டது. 2022-இல் 'சயன்ஸ்' இதழ், அதிலுள்ள படங்கள் திருத்தப்பட்டனவாகத் தோன்றுகின்றன என்னும் ஐயத்தை வெளிப்படுத்தியது. 2024-இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அல்சைமர் பற்றிய கோட்பாடு முழுவதும் அதனால் வீழ்ந்துவிடவில்லை. எனினும், எடுத்தாண்ட அத்துணைக் கட்டுரைகளும் செய்யத் தவறிய வேலையை, படங்களை உற்று நோக்கிய சிலருடைய கண்கள் அன்றோ செய்தன? பதினெட்டு ஆண்டுகள் அக்கட்டுரைக்கு உயர்ந்த மதிப்பளித்த அதே துலாக்கோலை இனியும் எவ்வாறு நம்புவது?

இதற்கு நேர்மாறான வரலாறும் உண்டு. 1888-இல் ஸ்பெயின் நாட்டுப் பார்சலோனா நகரில், ரமோன் இ கஹால் என்னும் பேராசிரியர், நரம்பு மண்டலம் ஒரே வலைப்பின்னல் அன்று, தனித்தனி உயிரணுக்களால் ஆனது என்பதற்குச் சான்று கண்டார். அதை வெளியிடத் தம் கைப்பொருளைச் செலவிட்டுத் தாமே ஓர் இதழ் தொடங்கி, 60 பிரதிகள் அச்சிட்டு அயல்நாட்டு அறிஞர்களுக்கு அனுப்பினார். ஸ்பானிய மொழியில் இருந்தமையால் அதைப் படிப்பாரிலர். 1889-இல் அவரே பெர்லினுக்குச் சென்று, நுண்ணோக்கியின்கீழ்த் தம் கண்ணாடித் தகடுகளை வைத்துக் காட்டினார். சுவிட்சர்லாந்தில் பிறந்த அறிஞர் கோலிக்கர் கண்டார், வியந்தார், உலகறியச் செய்தார். 1906-இல் நோபெல் பரிசு வந்தது. 1888-இல் மேற்கோள் கணக்கு ஒன்று இருந்திருப்பின், நரம்பியலின் தந்தையரில் ஒருவருக்கு அது சுழியத்தையே வழங்கியிருக்கும்! சிறுபான்மை மொழியில் எழுதுவோர் இவ்வரலாற்றைச் சிந்திக்க வேண்டும்.

மலேசியாவிலும் இவ்வுண்மை விளங்கியது. 1998-இல் பேராக் மாநிலத்தில் பன்றிப் பண்ணையாளரிடையே மூளை அழற்சி பரவியபோது, ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று கருதிக் கொசு ஒழிப்பிலும் தடுப்பூசியிலும் முனைந்தனர். நோய் அடங்கவில்லை. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் சுவா காவ் பிங், அது புதிய கிருமி என்று கண்டார். நிப்பா என்று பெயர் பெற்ற அக்கிருமி மலேசியாவில் 105 உயிர்களைக் கொண்டது. பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்ட பின்னரே நோய் அடங்கியது. உயிர்கள் மடிந்துகொண்டிருந்த அந்நாளில் நாட்டுக்கு வேண்டியிருந்தது, நுண்ணோக்கியில் தெரிந்தது யாது என்னும் விடை ஒன்றே.

அறிவியலாளரே விழித்துக்கொண்டனர். இதழின் மேற்கோள் விகிதத்தைக் கொண்டு ஆய்வாளரை எடை போடலாகாது என்னும் அறிவிப்பு 2012-இல் சான் பிரான்சிஸ்கோவில் உருவாயிற்று. அறிவிப்பால் மட்டும் பழக்கம் மாறிவிடுமா? அது வகுப்பறையிலன்றோ தொடங்கவேண்டும்? மதிப்பெண்ணைக் காட்டியே மாணாக்கரை ஊக்கும் ஆசிரியர், நாளைய மேற்கோள் வேட்டைக்காரரை இன்றே வளர்க்கிறார். அவ்வாறன்றி, 'இதை எவர் கூறினார்' என்பதோடு நில்லாது, 'அவர் எதைக் கண்டு கூறினார், அது மீண்டும் காணத்தக்கதா' என்று கேட்கப் பழக்குதல் வேண்டும். அவ்வினாவைக் கேட்கத் தெரிந்த மாணாக்கர், 2,000 பேர் வழிமொழிந்த பிழையின்முன்னும் தலைகுனியார். எவரும் படியாத 60 பிரதிகளையும் புறந்தள்ளார்.