அழைப்பிதழ் உண்டு, உள்ளே நுழைய வழி உண்டா? பொது நிகழ்ச்சிகளும் மாற்றுத்திறனாளிகளின் உரிமையும்

புதுதில்லி:

2012-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் தேதி காலை, கொல்கத்தாவிலிருந்து கோவா செல்லவிருந்த தனியார் விமானத்தில் ஏறி அமர்ந்திருந்த ஜீஜா கோஷ் கீழே இறக்கிவிடப்பட்டார். பெருமூளை வாத பாதிப்புடன் வாழும் அவர், மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்காக நீண்டகாலமாகக் குரல் கொடுத்து வருபவர். கோவாவில் நடைபெறவிருந்த சர்வதேச மாநாட்டில் பங்கேற்க அழைக்கப்பட்டிருந்தார். அவரது உடல் பாதிப்பைக் காரணம் காட்டி விமானியே அவரை இறக்குமாறு வலியுறுத்தினார் என்பது பின்னர்தான் அவருக்குத் தெரியவந்தது. அதிர்ச்சியிலிருந்து மீளாத நிலையில் மறுநாளும் பயணம் மேற்கொள்ள இயலாமல் போனதால், அந்த மாநாட்டில் அவர் பங்கேற்கவே இல்லை. மாநாட்டை நடத்தியது மாற்றுத்திறனாளிகளுக்கான ஓர் அமைப்பு.

இவ்வழக்கில் 2016-ஆம் ஆண்டு மே 12-ஆம் தேதி தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ஜீஜா கோஷுக்கு ரூ.10 லட்சம் இழப்பீடு வழங்குமாறு விமான நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. இந்தியாவில் பொது நிகழ்ச்சிகளை அனைவருக்கும் உரியதாக மாற்றுவது பற்றிய எந்த விவாதத்துக்கும் இந்த வழக்கே பொருத்தமான தொடக்கமாகும். ஏனெனில், ஒரு நிகழ்ச்சி அரங்கின் வாசலில் தொடங்குவதில்லை. பதிவுப் படிவம், பயணம், தங்குமிடம், கழிப்பறை எனத் தொடரும் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் மேடையில் அவருக்கென ஒதுக்கப்பட்ட நாற்காலி காலியாகவே இருக்கும்.

சட்டத்தின் சொல்லும் விதியின் தொனியும்

அதே 2016-ஆம் ஆண்டின் இறுதியில் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 1995-ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்கு மாற்றாக வந்த இச்சட்டம், அங்கீகரிக்கப்பட்ட குறைபாடுகளின் எண்ணிக்கையை 7-லிருந்து 21-ஆக உயர்த்தியது. பண்பாட்டு வாழ்விலும் பொழுதுபோக்கிலும் மற்றவர்களுக்கு நிகராகப் பங்கேற்கும் உரிமையை இதன் 29-ஆவது பிரிவு பேசுகிறது. அணுகல் தரங்களைப் பின்பற்றாத கட்டடங்களுக்குக் கட்டுமான அனுமதியோ பணிநிறைவுச் சான்றிதழோ வழங்கக் கூடாது என்கிறது 44-ஆவது பிரிவு. ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை 5 ஆண்டுகளுக்குள் மாற்றியமைக்க வேண்டும் என்கிறது 45-ஆவது பிரிவு. விதிகள் 2017-ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளியிடப்பட்டதால், அந்த அவகாசம் 2022-ஆம் ஆண்டிலேயே முடிந்துவிட்டது.

ஆனால், சட்டம் கட்டளையிட்ட இடத்தில் விதிகள் பரிந்துரையோடு நின்றுவிட்டன. இந்த முரண்பாட்டைத்தான் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி 2005-ஆம் ஆண்டிலேயே தொடுத்த வழக்கு இது. 2017-ஆம் ஆண்டு டிசம்பரில் விரிவான உத்தரவுகள் பிறப்பிக்கப்பட்டும் நடைமுறையில் போதிய மாற்றம் ஏற்படவில்லை. களநிலவரத்தை ஆராயும் பொறுப்பு ஹைதராபாதில் உள்ள நல்சார் சட்டப் பல்கலைக்கழகத்தின் மாற்றுத்திறன் ஆய்வு மையத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அதன் அறிக்கையைப் பரிசீலித்த அப்போதைய தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான 3 நீதிபதிகள் அமர்வு, 2024-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் தேதி அளித்த தீர்ப்பில், 2017-ஆம் ஆண்டு விதிகளின் 15(1)-ஆவது விதி மூலச் சட்டத்துக்கு முரணானது என அறிவித்தது. சமரசத்துக்கு இடமில்லாத கட்டாயத் தரங்களைத் தனியே பிரித்து 3 மாதங்களுக்குள் வகுக்குமாறு மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

அத்தீர்ப்பில் நிகழ்ச்சி அமைப்பாளர்கள் ஊன்றிப் படிக்க வேண்டிய பகுதி ஒன்று உண்டு. தடையற்ற அணுகல் என்பது, எவரும் வந்து கேட்பதற்கு முன்பே செய்து முடித்திருக்க வேண்டிய கடமை. தனிநபர் ஒருவர் தமது குறிப்பிட்ட தேவையைத் தெரிவித்த பின்னர் அதற்கேற்பச் செய்துதரும் ஏற்பாடு என்பது வேறு. ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது என நீதிமன்றம் விளக்கியது. நடைமுறையில் பெரும்பாலான அமைப்பாளர்கள் இரண்டாவதை மட்டுமே அறிந்திருக்கின்றனர். 'யாரும் கேட்கவில்லையே' என்பது அவர்களின் வழக்கமான விடை. கேட்டும் பயனில்லை என்று முன்பே அறிந்தவர்கள் வீட்டிலேயே இருந்துவிடுவதால், கேட்பவர்களின் எண்ணிக்கை எப்போதும் குறைவாகத்தான் இருக்கும்.

4 அடி மேடையும் 48 அடிச் சாய்தளமும்

கட்டடங்களுக்கான சட்டம் நிகழ்ச்சிகளுக்கு எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதே சிக்கலான கேள்வி. இந்தியாவின் பொது நிகழ்ச்சிகளில் பெரும்பகுதி நிரந்தர அரங்குகளில் நடைபெறுவதில்லை. மூன்று நாள்களுக்காக எழுப்பப்பட்டு நான்காம் நாள் பிரிக்கப்படும் பந்தல்களிலும் திறந்தவெளி மைதானங்களிலுமே அவை நடைபெறுகின்றன. பந்தலுக்குப் பணிநிறைவுச் சான்றிதழ் கிடையாது. ஆகவே அதை நிறுத்திவைப்பதாக எச்சரிக்கவும் வழியில்லை.

சாய்தளத்தின் சரிவு 1-க்கு 12 என்ற விகிதத்தை மீறக் கூடாது என்கின்றன மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற விவகாரங்கள் அமைச்சகத்தின் ஒருங்கிணைந்த வழிகாட்டுதல்கள். அதாவது, ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம். கூட்டங்களுக்கு அமைக்கப்படும் மேடை 4 அடி உயரமெனில் சாய்தளத்துக்கு 48 அடி தேவை. இடையே நின்று இளைப்பாறும் சமதளத்தையும் சேர்த்தால் நீளம் இன்னும் கூடும். மேடைக்குப் பக்கவாட்டில் அவ்வளவு இடத்தை எவரும் விட்டுவைப்பதில்லை. இதனால், மாற்றுத்திறனாளி ஒருவருக்கு விருது வழங்கும் விழாவிலேயே அவரைச் சக்கர நாற்காலியோடு நால்வர் தூக்கி மேடையேற்றும் காட்சி அரங்கேறுகிறது. பார்வையாளர்கள் கைதட்டுகின்றனர். தூக்கப்படுபவரின் கௌரவம் குறித்து அந்த நேரத்தில் எவரும் எண்ணுவதாகத் தெரியவில்லை.

இத்தனைக்கும் இதற்கான தீர்வு பெரும் செலவு பிடிப்பதன்று. மேடையின் உயரத்தை ஓர் அடியாகக் குறைத்தால் 12 அடிச் சாய்தளம் போதும். பின்வரிசையில் உள்ளோருக்கு மேடை தெரியாதே என்ற ஆட்சேபம் ஒரு காலத்தில் நியாயமாக இருந்திருக்கலாம். இன்று சிறு நகரங்களின் கூட்டங்களிலும் பெரிய மின்திரைகள் வைக்கப்படுகின்றன. மேடையை வடிவமைக்கும் நாளில் இந்த எண்ணம் வந்தால் செலவு சொற்பம். நிகழ்ச்சி நாளன்று வந்தால், கைக்குக் கிடைத்த பலகையைச் செங்குத்தாகச் சாய்த்துவைத்து அதற்குச் சாய்தளம் என்று பெயர் சூட்டத்தான் நேரம் இருக்கும். அத்தகைய பலகை, படிக்கட்டைவிட ஆபத்தானது.

செவித்திறன் குறைபாடுடையோரின் நிலை வேறு. அவர்களால் அரங்கினுள் எளிதில் நுழைந்துவிட முடியும்; நிகழ்ச்சிக்குள்தான் நுழைய முடியாது. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இவர்களின் எண்ணிக்கை 50 லட்சத்துக்கும் அதிகம். 2023-ஆம் ஆண்டு செப்டம்பரில், செவித்திறன் குறைபாடுள்ள பெண் வழக்குரைஞர் ஒருவருக்காகச் சைகை மொழிபெயர்ப்பாளர் வாதங்களை விளக்குவதற்கு உச்ச நீதிமன்றம் அனுமதி அளித்தது. தொடர்ந்து கைகளால் பேசுவதும் கவனம் சிதறாமல் கேட்பதும் களைப்பூட்டும் பணி என்பதால், நீண்ட நிகழ்ச்சிகளில் இருவர் சிறிது நேரத்துக்கு ஒருமுறை மாறிமாறிப் பணியாற்றுவதே முறை. இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் 2015-ஆம் ஆண்டில்தான் தில்லியில் நிறுவப்பட்டது. 10 ஆயிரம் சொற்களைக் கொண்ட அதன் அகராதிப் பதிப்பு 2021-ஆம் ஆண்டில் வெளியானது. பயிற்சி பெற்றவர்கள் போதிய எண்ணிக்கையில் உருவாவதற்கு இன்னும் காலம் தேவை. ஆயினும், மொழிபெயர்ப்பாளர் வந்து நின்ற பிறகும் அவர்மீது வெளிச்சம் விழாமல் இருளில் நிறுத்துவதற்கும், நேரலைத் திரையின் மூலையில் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்குவதற்கும் ஆள் பற்றாக்குறையைக் காரணமாகக் கூற இயலாது.

கோவாவிலிருந்து ஒரு முன்மாதிரி

ஜீஜா கோஷ் சென்றடைய முடியாத அதே கோவாவில், 2023-ஆம் ஆண்டு ஜனவரியில் 'பர்ப்பிள் ஃபெஸ்ட்' என்ற பெயரில் மாற்றுத்திறனாளிகளுக்கான விழா மாநில அரசின் ஆதரவுடன் நடத்தப்பட்டது. அதன் பின்னரும் அவ்விழா தொடர்ந்தது. எனினும், தனியொரு விழாவைக் காட்டிலும் முக்கியமானது, வழக்கமான ஒரு விழா தன் நுழைவு நிபந்தனையை மாற்றிக்கொண்டதாகும்.

ஆண்டுதோறும் பனாஜியில் நடைபெறும் இந்திய சர்வதேசத் திரைப்பட விழாவில், 2022-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகளுக்கெனத் தனிப் பிரிவு ஒதுக்கப்பட்டு, ரிச்சர்ட் அட்டன்பரோவின் 'காந்தி' உள்ளிட்ட படங்கள் ஒலி விவரிப்புடனும் வசன வரிகளுடனும் திரையிடப்பட்டன. அதுவரை அது ஒரு சலுகை. 2024-ஆம் ஆண்டு மார்ச் 15-ஆம் தேதி மத்திய தகவல், ஒலிபரப்பு அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் அதை நிபந்தனையாக்கின. 2025-ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல், தேசியத் திரைப்பட விருதுகளுக்கும் கோவா விழாவுக்கும் அனுப்பப்படும் திரைப்படங்களில் பார்வைக் குறைபாடுடையோருக்கான ஒலி விவரிப்பும், செவித்திறன் குறைபாடுடையோருக்கான வசன வரிகளும் இருப்பது கட்டாயம் என அறிவிக்கப்பட்டது.

இதன் நுட்பம் எளிமையானது. வாயிற்காவலரிடம் உள்ள அதிகாரம் பயன்படுத்தப்பட்டுள்ளது. விருதை விரும்பும் தயாரிப்பாளர் ஒலி விவரிப்பைச் சேர்த்தாக வேண்டும். ஒருமுறை சேர்த்துவிட்டால், அது விழா முடிந்த பின்னரும் படத்தோடு இருக்கும்.

பொது நிகழ்ச்சிகளுக்கும் இத்தகைய வாயில் ஒன்று ஏற்கெனவே உண்டு. ஒலிபெருக்கி வைப்பதற்கு அனுமதி பெற வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அதற்குக் கட்டுப்பாடு உண்டு என்பது சிற்றூர் விழாக் குழுவினருக்கும் தெரிந்ததே. 2000-ஆம் ஆண்டில் ஒலி மாசு விதிகள் வந்தபோது, விழாக்களே நின்றுவிடும் என்றொரு அச்சம் எழுந்தது, விழாக்கள் நிற்கவில்லை. ஒலிபெருக்கிக்கு அனுமதி கேட்கும் அதே விண்ணப்பத்தில், சாய்தளம் எங்கே, சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை எங்கே என இரண்டு வரிகள் சேர்ப்பதற்குப் புதிய சட்டம் தேவைப்படாது என்றே தோன்றுகிறது.

வாசலுக்கு முன்பே உள்ள வாசல்

பதிவும் நுழைவுச்சீட்டும் கைப்பேசிக்கு மாறிவிட்ட நிலையில், முதல் தடை படிக்கட்டில் அல்லாமல் திரையில் தோன்றுகிறது. கோணல்மாணலான எழுத்துகளைப் படித்துத் தட்டச்சு செய்யச் சொல்லும் சோதனை, பார்வையற்றோரைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. கண் இமைத்து அடையாளத்தை உறுதிசெய்யக் கோரும் முறையை எதிர்த்து அமில வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்குகளில், எண்மச் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் ஓர் அங்கம் என 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வங்கிச் சேவை தொடர்பான வழக்கு எனினும், அதன் தர்க்கம் நுழைவுச்சீட்டு விற்கும் செயலிகளுக்கும் பொருந்தக்கூடியதே.

பெண்களைப் பொருத்தவரை, பணியின் பொருட்டு ஊழியர் செல்லும் எந்த இடமும் பணியிடமே என 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வரையறுக்கிறது. அலுவலகம் அனுப்பிவைத்த மாநாட்டு அரங்கும் அதில் அடங்கும். ஆனால், யாரிடம் புகார் அளிப்பது என்ற விவரத்தை மாநாட்டு அடையாள அட்டையின் பின்புறத்தில் அச்சிடும் வழக்கம் பரவலாகவில்லை. மொழி மற்றொரு தடை. 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் வாராணசியில் நடைபெற்ற காசி தமிழ்ச் சங்கமத்தில், பிரதமரின் ஹிந்தி உரை 'பாஷினி' தொழில்நுட்பத்தின் வாயிலாக அப்போதைக்கப்போது தமிழாக்கப்பட்டு, தமிழகத்திலிருந்து சென்றோர் காதொலிக் கருவியில் கேட்டனர். பிரதமர் பங்கேற்கும் மேடையில் சாத்தியமானது, விவசாயிகளுக்கான தேசியக் கருத்தரங்குகளிலும் வழக்கமாகும் நாள் இன்னும் வரவில்லை.

செலவை யார் ஏற்பது?

சிறு அமைப்புகள் எழுப்பும் இக்கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. இரண்டு சைகை மொழிபெயர்ப்பாளர்களுக்கான ஊதியம், நன்கொடையில் நடைபெறும் ஓர் இலக்கியக் கூட்டத்துக்குச் சுமையாகவே இருக்கும். அவர்களையும் பல கோடி ரூபாய் விளம்பர ஆதரவுடன் நடைபெறும் இசை விழாவையும் ஒரே தராசில் நிறுத்த இயலாது. சட்டத்தின் 89-ஆவது பிரிவு முதல் மீறலுக்கு ரூ.10 ஆயிரம் வரையிலும், தொடரும் மீறல்களுக்கு ரூ.50 ஆயிரம் முதல் ரூ.5 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்க வகைசெய்கிறது. பெரு நிறுவனங்களுக்கு இத்தொகை ஒரு பொருட்டன்று. கிராம நூலக வாசகர் வட்டத்துக்கு இது மூடுவிழா. கட்டாயத் தரங்களை வகுப்போர் இந்த வேறுபாட்டைக் கருத்தில்கொள்ளாவிட்டால், அஞ்ச வேண்டாதவர்கள் அஞ்சுவார்கள். அஞ்ச வேண்டியவர்கள் அபராதத்தைச் செலவுக் கணக்கில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

முதலில் மாற வேண்டியது அரசின் சொந்த நிகழ்ச்சிகளாகும். அடிக்கல் நாட்டு விழா முதல் குறைதீர் முகாம் வரை, நாட்டிலேயே அதிக எண்ணிக்கையில் பொது நிகழ்ச்சிகளை நடத்துவது மத்திய, மாநில அரசுகளே. அவற்றின் பந்தல், மேடை, ஒலி, ஒளி அமைப்புகள் ஒப்பந்தப்புள்ளி மூலம் முடிவாகின்றன. சாய்தளத்தின் நீளத்தையும் கழிப்பறைக் கதவின் அகலத்தையும் அந்த ஆவணத்தில் எழுதிவைத்தால், பந்தல் ஒப்பந்ததாரர் தமது சரக்குக் கிடங்கில் சாய்தளத்தையும் வாங்கி வைப்பார். ஒருமுறை வாங்கியது, அடுத்த வாரத் திருமண வரவேற்புக்கும் வாடகைக்குப் போகும்.